காரணம்: யானை

அகலப்பாதை வேலைக்காக
ஈட்டிப்பாறை ஸ்டேஷன் அலமாரியைக் காலி செய்தார்கள்.
எடைக்குப் போகவிருந்த காகிதத்தில்
நான் எடுத்துவைத்தது ஒன்றே ஒன்று:
தாமதப் பதிவேடு.

இந்தப் பாதையின் சரித்திரம் என்று
ஆபீஸ் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது.
திருவிதாங்கூர் ராஜா, வெள்ளைக்காரக் கம்பெனி,
குகையின் நீளம், பாலத்தில் எத்தனை வளைவு.
அதில் வருஷங்கள் உண்டு.
நிமிடங்கள் இல்லை.

பதிவேட்டில் ஐந்து கட்டம்.
தேதி, வண்டி, நிமிடம், காரணம், கையெழுத்து.
ஸ்டேஷன் மாஸ்டர் சதாசிவன் உண்ணித்தான்.
எழுத்து இங்கிலீஷ்,
சாய்வு மலையாளம்.

மலை வண்டிக்குக் காரணங்களா பஞ்சம்?
ஆடியில் மண் சரியும்.
ஈர மூங்கில் குறுக்கே விழும்.
பின்னால் தள்ளும் எஞ்சின்
பாதி ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கும்.
ஒருமுறை ஒரு கல்யாணக் கோஷ்டி
மாப்பிள்ளையைப் பகவதிபுரத்தில் விட்டுவிட்டது:
பதினோரு நிமிடம்.

ஆனால் அறுபத்தாறு தையிலிருந்து
மாலை வண்டிக்கு மட்டும்
குகை தாண்டிய வளைவில்
தினமும் இரண்டு நிமிடம்.
காரணம்: யானை.
காரணம்: யானை.
காரணம்: யானை, குட்டியுடன்.
காரணம்: யானை.

விரல் வைத்து எண்ணினேன்.
மூவாயிரத்தை நெருங்கியதும் விட்டுவிட்டேன்.
வனத்துறையில் விசாரித்தால்
அந்தச் சரிவில் அப்போது மொத்தமே ஏழு என்றார்கள்.
"அதுவும் ஆறு இருபதுக்கு டாண்ணு வராது மேடம்."

செங்கோட்டையில் பிறந்தவளுக்கு
மீதியை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அரிசி எல்லை தாண்டக்கூடாத காலம்.
குகைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை,
அந்தப் பக்கம் இரட்டை விலை.
நாலாவது பெட்டியில் இருபது பெண்கள்,
அத்தனை பேருக்கும் ஏழு மாசம்.
குகை இருட்டில் இடுப்புக் கயிறு அவிழும்.
ஆரியங்காவு செக்போஸ்ட் வருமுன்
அந்த வளைவில்
எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிரசவம்.
பிள்ளைகள் சரிவில் உருளும்.
கீழே அரிக்கேனோடு ஆள் நிற்கும்.

டிரைவர் கிளமெண்ட் தாசையன்
ஆள் நடக்கிற வேகத்துக்கு வண்டியை இறக்குவார்.
காசு வாங்கினாரா என்றால், வாங்கினார்.
மாசம் ஆளுக்கு எட்டணா.
உண்ணித்தானுக்கு அதில் பாதி.
தெய்வங்கள் இல்லை அவர்கள்,
கணக்குத் தெரிந்தவர்கள்.

புழுங்கலரிசி முளைக்காது.
முளைத்திருந்தால் அந்தச் சரிவு
இன்று பத்துக் கோட்டை நெல் விளையும்.

எழுபத்தொன்று, கார்த்திகை மூன்று.
தாசையனுக்குக் காய்ச்சல்.
கொல்லத்திலிருந்து வந்த வேறு டிரைவருக்கு
வளைவில் எந்த மிருகமும் தெரியவில்லை.

தாமதம்: இல்லை.

பதினொரு வருஷத்தில்
அந்த வண்டி நேரத்துக்கு வந்த ஒரே நாள்.
காரணக் கட்டம் காலியாக இருக்கவேண்டும்.
பொடி எழுத்தில் இருக்கிறது:
பாதையோரம் பெண் ஒருத்தி, வயது முப்பது இருக்கலாம்,
அரிசி பன்னிரண்டு கிலோ, பறிமுதல்.

அரிசியை எடை போட்டிருக்கிறார்கள்.
பெயர் கேட்க ஆளில்லை என்றுதான் நினைத்தேன்.
தாளைத் திருப்பினால்
கட்டத்துக்கு வெளியே, பென்சிலில், மலையாளத்தில்
ஒரு சொல்:
சுடலி.

மறுநாள்: யானை. நான்கு நிமிடம்.

எட்டு வருஷம் தண்டவாளமே இல்லாமல் கிடந்து
இப்போது அகலப்பாதை.
போன மாசம்
நிஜமாகவே ஒரு கொம்பன் வந்து
அதே வளைவில் குறுக்கே நின்றது.
இருபத்து மூன்று நிமிடம்.

கம்ப்யூட்டரில் காரணப் பட்டியலைத் திறந்தேன்.
சிக்னல் கோளாறு. பாதைப் பராமரிப்பு. வானிலை. பிற.
'பிற'வை அழுத்தி
அந்தப் பழைய சொல்லை எழுதினேன்.
ஆதாரம் இணைக்கவும் என்றது.

டிரைவர் அனுப்பிய படத்தை இணைத்தேன்.
யானையின் வால் பக்கமாக
சரிவு
கொஞ்சம் தெரிகிறது.