அடித்த வரிக்கு மதிப்பெண் இல்லை

அஸ்தம்பட்டிக் கல்லூரியில் மே மாதத் திருத்தும் முகாம்.
மின்விசிறி காற்றைத் தருவதில்லை,
தாள்களைக் கலைக்கத்தான் பார்க்கிறது.
காலைக் கட்டில் பதினேழாவது விடைத்தாள்.
பெயர் இல்லை. எண்ணையும் மடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

வினா 14 (ஆ): மன்னன் ஏதல்ஃப்ரித்
பிரிட்டானியருடன் நடத்திய போர்களை விவரி.
எட்டு மதிப்பெண்.

"பிரிட்டிஷார் தோற்றார்கள்" என்று தொடங்குகிறது விடை.
சிவப்பு மை தானாக ஒரு கோடு இழுத்துவிட்டது.
பிரிட்டிஷாராவது, தோற்பதாவது!
கலெக்டர் பங்களா யார் கட்டியது?
மலைமேல் காப்பித் தோட்டம் யார் போட்டது?
பிறகுதான் விடைக்குறிப்பைப் பார்த்தேன்.
தோற்றவர்கள் அவர்களேதான்,
அந்தப் பெயருக்கு முதலில் சொந்தமாக இருந்தவர்கள்.
கோட்டின் மேலேயே ஒரு சரிக்குறி போட்டேன்.
இப்போது இரண்டும்
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கின்றன.

சாய்வான எழுத்து. ஒவ்வொரு வரியும்
வலது ஓரத்தில் மேடேறுகிறது.
"கடல் வழியே வந்தவர்களின் பேரன்கள்
அங்கேயே இருந்தவர்களை அந்நியர் என்று கூப்பிட்டார்கள்.
கூப்பிட்ட பெயரே நிலைத்துவிட்டது."
குறிப்பில் இல்லை. அரை மதிப்பெண் போட்டேன்.

"செஸ்டர் என்ற ஊருக்கு அருகில்
ஆயுதமில்லாத துறவிகள் தம் படைக்காக ஜெபித்தார்கள்.
ஜெபிப்பதும் சண்டைதான் என்று
முதலில் அவர்களை வெட்டச் சொன்னான் மன்னன்.
ஆயிரத்துக்கு மேல் என்கிறது பாடம்.
அதை எழுதி வைத்தவரும் துறவிதான்.
ஜெயித்தவர் பக்கத்துத் துறவி."

மூன்று மணிக்கு டீ வந்தது.
பக்கத்து மேசை துளசிமணி
பீட்ரூட் துருவல் சரிய ஒரு முறுக்கு செட்டை நீட்டினாள்.
"இந்த ராஜாவுக்கு எதிரிகள் வைத்த பட்டப்பெயர்
முறுக்கன், தெரியுமா?" என்றேன்.
"யாரை முறுக்கினானாம்?"
தெரியவில்லை. கடித்தேன்.
தாளில் விழுந்த சாற்றைத் துடைத்தேன்.
இனி அதற்கும் என் மைக்கும் வித்தியாசம் தெரியாது.

கடைசிப் பக்கம்.
"தப்பியவர்களில் பலர் மலைப்பக்கம் போனார்கள்.
துரத்துகிறவனுக்கு மூச்சு வாங்கும் இடத்தில்
அவர்கள் நாடு தொடங்கியது."
எந்தக் கைடிலும் இல்லாத வாக்கியம்.

அதற்குக் கீழே நான்கு வரி அடித்திருந்தது,
பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில்.
அடித்ததைப் படிக்க வேண்டாம் என்பது விதி.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"எங்கள் சேர்வராயன் மலையிலும் நாங்கள்
காஞ்சியிலிருந்து வில்லோடு ஏறி வந்தவர்கள் என்பார்கள்.
அப்போது மேலே யார் இருந்தார்கள் என்று கேட்டேன்.
யாரும் சொல்ல"

அவ்வளவுதான்.
ஜன்னலுக்கு வெளியே வெயிலில் வெளிறிய மலை.
ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில்
பஸ் கண்ணாடி மின்னி அணைந்தது.

மொத்தம் ஐந்தரை வந்தது.
"அரை வைக்கக்கூடாதும்மா" என்றார்
தலைமைத் தேர்வாளர் குப்பாண்டி.
மேலே ஏற்றவா, கீழே இறக்கவா?
"மேலேயே போகட்டும்" என்றார், தாளைப் பார்க்காமல்.

பதினெட்டாவது தாள். அதே வினா.
"ஏதல்ஃப்ரித் ஒரு சிறந்த மன்னர்.
சாலையோரங்களில் மரம் நட்டார். குளங்கள் வெட்டினார்.
மக்கள் மகிழ்ச்சியாக வாழ்ந்தனர்."
அச்சடித்தது போல் எழுத்து.
அடித்தல் திருத்தல் எங்கேயும் இல்லை.