நாற்பத்தோராவது முளை

சுவைக் தாண்டி, கடலுக்கும் மலைக்கும் நடுவே
எலுமிச்சைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில்
பிரிஸம் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
தூரத்தில், முக்காலிக்குப் பின்னால்
ஒற்றைக் கண்ணை மூடிய ஹானி சார்
கையை அசைப்பார்:
இடது. இன்னும் இடது. அங்கேயே.
நான் முளை அடிப்பேன், சிவப்பு நாடா கட்டுவேன்.
நாற்பது முளை.
துணைமின் நிலையம் வரப்போகிறது,
நூற்று முப்பத்திரண்டு கேவி.

மறுநாள் காலை ஒன்றும் இருக்காது.
பிடுங்கி எறிந்திருந்தாலாவது கோபம் என்று சொல்லலாம்.
வாய்க்கால் ஓரம் உயரவாரியாக அடுக்கி,
நாடாக்களைத் தனியே சுருட்டி,
இரவல் வாங்கிய சாமான் மாதிரி வைத்திருப்பார்கள்.
மேலே ஒரு கல், காற்றுக்கு.

திரும்ப அடிப்பேன்.
முடிக்கும்வரை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார்
ஹுமைத் பின் கஸீப்.
பிறகு கூப்பிட்டுக் காவா ஊற்றுவார்.
கோப்பையை ஆட்டினால் போதும் என்று அர்த்தம்;
தெரியாமல் முதல் நாள் ஏழு கோப்பை குடித்தேன்.
அவர் சிரிக்கவில்லை. எட்டாவதையும் ஊற்றினார்.

மின்சாரம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை.
ஜூலையில் அவருடைய பம்பும் மூன்று நாள் நின்றது.
"வரட்டும்" என்றார், "இங்கே வேண்டாம்."
இங்கே என்றபோது
செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் கால் வைத்தார்.

டீச்சர் ஸுவைனா மனு எழுதினாள்.
எழுபத்து நாலு கையெழுத்து.
கிணற்றில் உப்பேறிய வருஷத்திலிருந்து செத்த மரங்களின் கணக்கு,
பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிற வழி,
ராத்திரி முழுக்க ரீங்கரிக்கப்போகும் இரும்பு,
கூடவே ஒரு வரைபடம்.
என் முளைகளை என்னைவிடச் சரியாகக் குறித்திருந்தாள்.
ஹானி சாரே சொன்னார், கை சுத்தம் என்று.

வெள்ளிக்கிழமை அண்ணன் போனில் வந்தான்.
தாராபுரத்துப் பக்கம் எங்கள் தென்னைக்கு மேல்
கம்பி இழுக்க வந்தவர்களை மறித்து
பச்சைத் துண்டோடு வரப்பில் படுத்தவன்,
கல்யாண மண்டபத்தில் இரண்டு ராத்திரி அடைபட்டவன்.
"நீ அங்க எந்தப் பக்கம்டா?"
"கம்பு பிடிக்கிற பக்கம்."
லைன் போய்விட்டதா, அவன்தான் பேசவில்லையா,
தெரியவில்லை.

ஒருநாள் விடியுமுன்னே போனேன்.
டார்ச் வெளிச்சத்தில் குனிந்திருந்தவன் மொஸாம்மெல்,
ஹுமைதின் தோட்டத்தாள், சில்ஹெட்காரன்.
என்னைக் கண்டதும் முளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.
"முதலாளி சொன்னார்" என்றான் இந்தியில்.
"எனக்கும்தான்" என்றேன்.
மிச்சம் பதினெட்டு இருந்தது.
பீடி தீரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு
அவன் பிடுங்கினான், நான் அடுக்கினேன்.
ஆறு மணிக்கு எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன்.

அக்டோபரில் வாலி அலுவலகத்தில் கூட்டம்.
ஊர் ஜெயித்தது.
ஆடு வெட்டிச் சோறு போட்டார்கள்,
தோற்ற கம்பெனிக்கும் ஒரு தட்டு.
நானும் சாப்பிட்டேன், எலும்புவரை.
இந்த முறை கோப்பையை ஆட்டத் தெரிந்திருந்தது.

புதிய வரைபடம் வந்தது.
எண்ணூறு மீட்டர் தெற்கே;
குறிப்பில், ஆட்சேபணை இல்லாத காலி நிலம்.
பழைய நாற்பதையும் கணக்கில் அடித்துவிட்டு எண் தொடர்ந்தது.
இடது, என்றது கை. இன்னும் இடது.
அங்கேயே.
நின்று திரும்பிப் பார்த்தேன்.
வரிசையாகப் போர்ட்டா கேபின்கள்,
அறைக்கு எட்டுக் கட்டில்,
கொடியில் காய்கிற நீலச் சட்டைகளில்
மூன்றாவது என்னுடையது.

நாற்பத்தோராவது முளை
என் ஜன்னலிலிருந்து ஒன்பது அடி.
எப்போதும்போல இரண்டு முடிச்சுப் போட்டு நாடா கட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணனிடம்
மழை பெய்ததா என்று கேட்டேன்.

மறுநாளும் முளை அங்கேயே இருந்தது.
அதற்கு மறுநாளும்.
நாலு மணி பஸ்ஸுக்கு முகம் கழுவப் போன யாரோ
அதன் தலையில்
சோப்பு டப்பாவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.