ஒன்பது சொடுக்கு

நாலு சொடுக்கில் பிடிக்க வேண்டும் என்கிறது புத்தகம்.
என் நீவா ஒன்பது கேட்கும்.
ஒன்பதாவதில் கைபிரேக் கம்பு
என் விலா உயரத்துக்கு எழுந்து நிற்கும்,
வண்டி மட்டும்
சரி, பார்க்கலாம் என்பதுபோல்
ஒரு விரற்கடை பின்னால் நகரும்.

அதனால் ஒரு கல்.
எங்குரி ஆற்றோரம் பொறுக்கியது,
ஒருபுறம் ஆப்புப்போலச் சரிந்த கறுப்புக் கல்.
இருக்கைக்குப் பின்னால் சாக்கில் உட்கார்ந்து வரும்,
சீட்டு வாங்காத ஆள்.
மெஸ்தியாவிலிருந்து மேலூர்களுக்கு
மாவு, கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடத்து லமாரா டீச்சர்
யாரை இறக்குவதானாலும்
முதலில் இறங்குவது கல்தான்.

சரிவில் எங்களுக்கு ஒரு முறை உண்டு.
நான் கால்பிரேக்கை மிதித்தபடி இருப்பேன்.
லமாரா இறங்கி, கோட்டு நுனியை இடுப்பில் செருகி,
கல்லைப் பின்சக்கரத்தடியில் உதைத்துச் சொருகி
கூரையில் இரண்டு தட்டு தட்டுவாள்.
அதன் பிறகுதான்
என் கால் என்னுடையது.

கல் வைக்காதது ஒரே ஒரு நாள்.
ஆகஸ்ட். ஒரு தபால், இரண்டு நிமிட வேலை,
லமாரா பின்னிருக்கையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள்,
எதற்கு எழுப்புவது என்று.
முதல் கியரில் போட்டிருந்தேன், சத்தியமாக.
ஆனால் பக்கத்துக் குட்டைக் கம்பு இருக்கிறதே,
நாலு சக்கரத்துக்கும் பங்கு பிரிப்பது,
பாலாடைக்கட்டிக் கூடை இடித்து
நடுவில் நின்றிருக்கிறது.
அது நடுவில் நின்றால்
கியருக்கும் சக்கரத்துக்கும்
பேச்சுவார்த்தை கிடையாது.

போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை வண்டி.
நான் கடிதத்தை நீட்டுகிறேன்,
வாங்குகிறவர் என் தோளுக்குப் பின்னால் பார்க்கிறார்,
பார்த்துக்கொண்டே இருக்கிறார்.
திரும்பினால்
வேலியைத் தாண்டி, இரண்டு மாடுகளுக்கு நடுவே
மரியாதையாக வழி கேட்டு
பின்வாங்கிப் போகிறது என் பிழைப்பு.

மலை முன்னால் நடந்து போவதைக் கண்டுதான்
நிமிர்ந்தாளாம் லமாரா.
வைக்கோற்போர் பிடித்து நிறுத்தியது.
நான் மூச்சிரைத்து வந்து கதவைத் திறக்கும்போது
தலையெல்லாம் வைக்கோல்,
ஒரு பையனின் நோட்டில் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு.
"இவன் கணக்கு சரி," என்றாள்.
"கோடு உன்னுடையது."

பிமுர்ஸா டிரம்மைக் கழற்ற
நாலு அடி சுத்தியல், மூன்று கெட்ட வார்த்தை.
உள்ளே ஓடைச் சேறு சுட்ட செங்கலாக இருந்தது.
அச்சிலிருந்து கசிந்த எண்ணெயில்
பிரேக் கட்டைகள் பொரித்த அப்பளம்போல மினுங்கின.
"நீ கேபிளை முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாய்," என்றான்,
"காது கேட்காதவனிடம்
குரலை உயர்த்துகிற மாதிரி."
புது சீல், புதுக் கட்டை.
நட்டில் இரண்டு திருகு மட்டும்.
நாலாவது சொடுக்கில்
வண்டி மண்டியிட்டது.

கல்லை லமாரா எடுத்துப்போனாள்,
பீட்ரூட்டோடு முட்டைக்கோஸ் ஊறப்போட்ட ஜாடிக்குப் பாரம் வைக்க.
செப்டம்பர், அக்டோபர்,
எந்தச் சரிவிலும் ஒற்றைக் கையால் நிறுத்தினேன்.
கொஞ்சம் அலட்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.
கூரையை யாரும் தட்டவில்லை.

நவம்பரில் ஓடை கடந்து வந்து
நனைந்த டிரம்மோடு நாலு சொடுக்குப் போட்டுத் தூங்கினேன்.
காலையில் கம்பை இறக்கினேன், இறங்கியது.
சக்கரம் இறங்கவில்லை.
ஆக்சிலேட்டரை மிதித்தால்
பின்சக்கரம் இரண்டும் உருளாமல்
பனியில் கோடு கிழித்துக்கொண்டு இழுபட்டன,
பல் மருத்துவரிடம் போகிற பிள்ளை மாதிரி.
போனில் பிமுர்ஸா சிரித்து முடிக்கவே
ஒரு கெட்டில் வெந்நீர் கொதித்துவிட்டது.
"உறைபனியில் எவனாவது கைபிரேக் போடுவானா?
கியர் போடு. கல் வை."

லமாரா கல்லோடு வந்தாள்.
ஊறுகாய் வாசனை, ஒரு பக்கம் ஊதாக் கறை,
ஜாடியை இப்போது இஸ்திரிப்பெட்டி அழுத்துகிறதாம்.
கேட்காமலே குனிந்தாள், உதைத்தாள்.
கூரையில் இரண்டு தட்டு.

நான் இறங்கும்போது
ஊர் நாய் ஒன்று
சக்கரத்தடியில் கல்லை நக்கிக்கொண்டிருந்தது.
விரட்டவில்லை.
வண்டி நின்றிருந்தது.