அறையைக் கழித்து

வண்ணார்பேட்டை, இரண்டாம் மாடி, மேற்குச் சன்னல்.
மே பதினொன்று, பகல் இரண்டேகால்.
அறை: முப்பத்தெட்டு புள்ளி நான்கு.
குளிர்விப்பானின் பேருக்கு முன்னால்
இதைத்தான் எழுதிக்கொள்கிறேன்.

பீர் முகம்மது பசைக்குழாயை நிறுக்கிறான்,
மச்சானின் நகைப்பட்டறையில் இரவல் வாங்கிய தராசில்.
"பட்டாணி அளவுன்னு பெட்டியில போட்டிருக்கான்.
எந்தக் கடைப் பட்டாணிக்கா?"
ஆகவே கால் கிராம்.
ஆயிரம் ரூபாய்க்காரனுக்கும் கால் கிராம்,
வண்ண விளக்குப் போட்டு வந்தவனுக்கும் கால் கிராம்.

நான்கு திருகுகள், எதிரெதிர் மூலையாக,
அரைச்சுற்று, அரைச்சுற்று.
கழற்றித் துடைத்து மறுபடியும் பூட்டுகிறேன்.
மூன்று தடவை பூட்டினால் மூன்று கணக்கு வருகிறது.
இயந்திரம் ஒன்று, பசை ஒன்று, கை மட்டும்தான் மாறியது.
வித்தியாசம் ஒன்று புள்ளி ஒன்று.
அது என் பிழை. அதற்குப் பேர் வைத்து
மூலையில் உட்கார வைத்திருக்கிறேன்.

அப்புறம் காத்திருப்பு.
தண்ணீர் பைய சூடாகிற சாதி.
முதல் ஐந்து நிமிஷம் எல்லாரும் யோக்கியர்.
குழாய்க்குள் நீர் மறுபேச்சின்றி
வெப்பத்தை வாங்கி வாங்கி வைத்துக்கொள்ளும்.
நாற்பதாவது நிமிஷத்தில்தான்
இனி முடியாது என்று வாயைத் திறக்கும்.
முப்பத்தாறில் கரண்டு போனது.

முதலிலிருந்து.

சத்தத்தை ராத்திரி மூன்று மணிக்கு அளக்கிறோம்,
பைபாஸில் லாரிகள் கொஞ்சம் கண்ணயரும் நேரம்.
மேலே சுழலும் ஃபேனை நிறுத்தி, செல்போனை அணைத்து,
பீர் முகம்மது மூச்சையும் பிடித்துக்கொள்கிறான்.
எல்லா விசிறிகளுக்கும் முப்பத்தாறு டெசிபல்;
அதற்கு மேல் ஒருத்தனும் கத்தக்கூடாது.
கத்துகிறவன் குளிர்வது அதிசயமில்லை.
பம்ப் மட்டும் காதோரத்தில் முனகிக்கொண்டிருந்தது.
கீழே ஒரு நாய் குரைத்தது.

முதலிலிருந்து.

தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, தொண்ணூற்று மூன்று.
மூன்றும் மே மாதத்தோடு முடிந்தன.
நாலாவது பெட்டி ஜூன் ஆறாம் தேதி வந்தது.
எழுபத்தொன்பது!
பீர் முகம்மது தொடையில் தட்டினான்.
அனுப்பிவைத்த விநியோகஸ்தர் ஜெபஸ்டின்
"நான் சொன்னம்லா" என்று மூன்று செய்தி போட்டார்.
நான் தலைப்பே எழுதிவிட்டேன்.

சன்னல் திரை உள்ளே வந்து
மேசையைத் தொட்டுவிட்டுப் போனது.
செங்கோட்டைக் கணவாய் திறந்துவிட்டிருந்தது.
தெருவில் யாரோ துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகக்
குற்றாலத்துக்கு வேன் பேசிக்கொண்டிருந்தார்கள்.
அறை: இருபத்தொன்பது புள்ளி ஐந்து.

கழித்தேன்.
நாலாவதுக்கு நாற்பத்தொன்பதரை.
இரண்டாவதுக்கு ஐம்பது புள்ளி ஒன்று.
நடுவே பூச்சியம் புள்ளி ஆறு. அவ்வளவுதான் வெற்றி.
மூலையில் உட்கார்ந்திருந்த என் பிழை
எழுந்து நின்றால் அதைவிட உயரம்.
கழித்தாலும் தீரவில்லை:
குளிர்ந்த அறையில் சில்லும் கொஞ்சம் கம்மியாகத்தான் குடிக்கிறது,
சுவர் மீட்டரில் பதினோரு வாட் குறைவு.
ஜெயித்தது மேல்காற்று.
அதை யாரும் பெட்டியில் போட்டு அனுப்பவில்லை.

"இன்னொரு மட்டம் மூணையுமா?" என்றான் பீர் முகம்மது.
அதில் இரண்டாவது இப்போது தென்காசியில்,
கல்யாண வீடியோ வெட்டும் இசக்கிராஜாவின் கம்ப்யூட்டரில்.
விற்றது நான்தான்.

போனபோது கடை வாசலில் சாரல்.
ரெண்டு நாளைக்குத் தா என்று கேட்கக் கூச்சமாயிருந்தது.
அவன் திருகுளியை எடுத்து நீட்டினான்:
"இந்தக் காத்துக்குப் பழைய விசிறியே போதும்க்கா.
ரெண்டு நாள் என்ன, ரெண்டு மாசம் வச்சுக்கிடுங்க."

திரும்பும் பேருந்தில் அது என் மடியில்.
ஆலங்குளம் தாண்டும்போது பள்ளத்தில் சக்கரம் இறங்க,
குழாய்க்குள் நீர் ஒருமுறை குலுங்கியது.
உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருக்கிறது போல.
மே மாதத்திலேயே இருந்ததா, இப்போது வந்ததா?
நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்,
கேள்விக்குறியோடு.