மூன்றாம் பாகம்

மூன்றாம் பாகம் திரும்பி வந்தபோது
கடைசிப் பதினோரு பக்கங்கள் இல்லை.
கிழித்ததல்ல, வெட்டியது.
தையலை ஒட்டி, அவசரமில்லாமல்,
நுனி வளைந்த சின்னக் கத்தரிக்கோலால்.

விட்பித் துறைமுகத்தில் அன்று
மூடுபனிகூட மீன் நாறியது.
அந்தப் பக்கங்களில் இருந்தது எனக்கு மனப்பாடம்.
இரண்டு பாகம் பாடுபட்டு அவள் ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தாள்.
ஆண்டுக்கு எண்பது பவுன்,
தெற்கு பார்த்த ஜன்னல், தனக்கென்று ஒரு சாவி.
பிறகு காய்ச்சலில் விழுவாள்.
அவன் வருவான்.
மணியோசை, சுபம்.
பள்ளிக்கூடம் என்ன ஆயிற்றென்று
ஒரு வரி இல்லை.

"யாரென்று கண்டுபிடி, கெசையா,
ஏழரை ஷில்லிங் அபராதம்"
என்றார் முதலாளி ப்ரூடம்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது.
கத்தரிக்கோல் மாடியில்,
அவர் மனைவி லெட்டிஸின் பொத்தான் டப்பாவில்.
அவளிடம் ஏழரை ஷில்லிங் கிடையாது.
ஏழரைப் பென்னியும் கிடையாது.
கடை அவளுடைய அப்பாவினுடையது.
மோதிரம் ஏறிய அன்றே
அலமாரி, கல்லாப்பெட்டி, மூவாயிரம் புத்தகம்,
அவள் போட்டிருந்த காலுறை உட்பட
கைமாறிவிட்டது. சட்டம் அப்படி.
நல்ல மழையில் மட்டும்
பெயர்ப்பலகையில் ப்ரூடத்துக்கு அடியிலிருந்து
வெதரில் என்ற பழைய பெயர்
கொஞ்சம் எட்டிப் பார்க்கும்.

பேரேட்டில் 'எலி' என்று எழுதினேன்.
"எலி இவ்வளவு நேராகக் கடிக்குமா?"
"படித்த எலியாக இருக்கலாம், ஐயா."
சிரிக்கவில்லை. என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
கல்யாணமாகாதவள் சம்பளம் அவளுடையதுதான்,
அதனால் பிடிக்கவும் முடிகிறது.

முடிவில்லாத அந்தப் புத்தகம்
இன்னும் வாடகைக்குப் போகிறது.
சுங்க அதிகாரியின் தங்கை இரண்டு முறை எடுத்தாள்.
மாவுக்கடைக்காரரின் மனைவி
எதுவும் கேட்காமல் வைத்துவிட்டு,
கையுறையை மாட்டியபடி
கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நின்றாள்.
துணைப் பாதிரியார் ஒருவர்தான் கேட்டார்,
"கடைசியில் என்ன ஆகிறது?"
"பள்ளிக்கூடம் நடக்கிறது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்
லெட்டிஸின் தொப்பிக்குக் கீழே
புத்தம்புதுச் சுருள் முடி.
ப்ரூடம் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் எண்ணினேன், இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து.
ராத்திரி முழுக்கக் காகிதத்தில் சுற்றி
இறுக்கி முறுக்கி வைத்தால்தான்
முடி அப்படி நிற்கும்.