பழைய சீட்டைக் கிழிப்பதில்லை

வால்டிவியாவில் மழை நிற்பதில்லை,
கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.
அந்த இடைவெளியில் அம்மாவை டாக்சியில் ஏற்றினேன்.
எழுபத்தொன்பது வயது. மடியில் கைப்பை.
கைப்பைக்குள், ஆதாரமாக,
என் ஒன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டை.

"உங்கள் சிறுவயதை நினைவில் வைத்திருக்கும்
ஒருவரை அழைத்து வாருங்கள்" என்றிருந்தார்
உளவியலாளர் ராயென்.
நாற்பத்தெட்டு வயதுக்காரிக்குச் சாட்சி தேவைப்படுகிறது,
தானும் ஒருகாலத்தில் குழந்தையாக இருந்ததற்கு.

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பாளா?
"எதற்குத் திரும்ப வேண்டும்?
அவளுக்குத்தான் காது கேட்குமே."

மற்ற பிள்ளைகளோடு விளையாடுவாளா?
"அவர்கள் சத்தம் போடுவார்கள்.
இவள் பொத்தான்களைப் பிரித்து வைப்பாள்.
நிறம் பார்த்து அல்ல, துளைகளை எண்ணி.
அப்படித்தானே பிரிக்க வேண்டும்?"

பள்ளியில் முதல் நாள்?
"1983, மார்ச் ஒன்பது, புதன்.
ஏழு ஐம்பதுக்கு வாசலில் விட்டேன்.
கம்பளிக் காலுறை குத்துகிறதென்று அழுதாள்.
கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன்.
எனக்கும் அது குத்தும்."

ராயென் எழுதிக்கொண்டே இருந்தார்.
அம்மா மேசையிலிருந்த மூன்று பேனாக்களை
விளிம்புக்கு நேராக அடுக்கினாள்.
இரண்டின் மூடிகள் மாறியிருந்தன. மாற்றிப் போட்டாள்.
"என் மகளுக்கு ஒரு குறையும் இல்லை" என்றாள், பேனாக்களிடம்.
"எல்லாரையும் போலத்தான் இருந்தாள்.
என்னைப் போல."

ராயெனின் பேனா நின்றது.
நானும் அவரும் பார்த்துக்கொண்டோம்.
பார்த்துக்கொண்டோம் என்பது ஒரு பேச்சுக்கு.
நான் பார்த்தது அவர் காதிலிருந்த வெள்ளித் தோட்டை.
கண்ணைப் பார்ப்பதாய் மற்றவர் நம்ப
கண்ணிலிருந்து எத்தனை விரல் தள்ளிப் பார்க்கலாம் என்று
பதினோரு வயதிலேயே கண்ணாடி முன் நின்று
அளந்து வைத்திருக்கிறேன்.

இன்னும் சொல்லவில்லை, என் வேலை பாசிகள்.
பல்கலைக்கழகத் தாவரக் காப்பகத்தில்
காய்ந்த பாசியை உறையிலிட்டு எண் எழுதுவது.
பெயர் தெரியாதவற்றுக்கென்று ஓர் அலமாரி உண்டு.
தப்பான பெயரோடு இருப்பவை
மற்ற எல்லா அலமாரிகளிலும் உண்டு.
அறுபது வருடம் கழித்து யாராவது வருவார்,
லென்சை வைப்பார்,
ஓர் இலையோரத்துப் பல்லைப் பார்த்து "ஓ" என்பார்.
அப்போதும் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை.
அதன் கீழே புதியதை ஒட்டுவோம், தேதியோடு.
இன்னார் இதை இன்னதென்று நினைத்திருந்தார் என்பதும்
அந்தப் பாசியின் கதைதான்.

என் உறையின் மேல்:
திமிர். ஆசிரியை, 1986.
கல்நெஞ்சு. அத்தைகள், அப்பாவின் அடக்கத்தில்
தேவாலயத்துத் தரைக்கற்களை நான் எண்ணிக்கொண்டு நின்றபோது.
(இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றில் விரிசல்.)
மனச்சோர்வு. மூன்று மருத்துவர்கள், மூன்று கையெழுத்து.
'உன்னோடு இருப்பது தனியாக இருப்பதைப் போல.'
எர்னான், சாவியை மேசையில் வைத்தபடி.
நான் அதைப் பாராட்டு என்று நினைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. பதினான்கு பக்கம்.
ஆட்டிசம் என்ற சொல்
பதினொன்றாம் பக்கத்தில், கீழிருந்து நான்காம் வரி.
அழுவேன் என்று நினைத்திருந்தேன்.
ஓர் எழுத்துப்பிழை இருந்தது. திருத்தி அனுப்பினேன்.
பிறகு ஈரக் காலணியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து
முன்னும் பின்னும் ஆடினேன்,
யாரும் பார்க்கவில்லை என்பதற்காக அல்ல,
ஆட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
"இதற்கு எவ்வளவு வாங்கினார்கள்?"
சொன்னேன்.
"அதிகம்."
ஆற்றங்கரை மீன்சந்தையில் கடற்சிங்கங்கள் கத்தத் தொடங்கின.
அம்மா ஜன்னலைச் சாத்தினாள், காதைப் பொத்திக்கொண்டாள்.
நானும் பொத்திக்கொண்டேன்.
நாற்பது வருடமாக இதையேதான் செய்கிறோம்,
ஒரே ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் நின்று.

சத்தம் ஓய்ந்தபின் கையை இறக்கினாள்.
என்னைப் பார்க்காமல், மழையைப் பார்த்துச் சொன்னாள்:
"1952இல்
என் காலுறையை யாரும் கழற்றவில்லை."