மருதாசலத்தின் வேர்வை

அரசூர் பவுண்டரியில் நாற்பத்தோரு பேர்.
வந்த பட்டை பன்னிரண்டு.
சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் விழுந்தது.
முழங்கைக்குக் கீழே, பழைய தீக்காயத்துக்கு அக்கட்டால
கட்டிவிட்டாள் அந்த இன்ஜினியர் பொண்ணு.
வேர்வையைக் குடிக்குமாம்.
உப்பு இத்தனை, சர்க்கரை இத்தனை என்று
ஆபீசுக்குச் சொல்லுமாம்.
உப்பு இறங்கினால் திரையில் சிவப்பு.
சிவப்பு எரிந்தால் கால்மணி நேரம்
மின்விசிறிக்கடியில் உட்காரலாம்; மோரும் உண்டு.

ஒரு வாரமாக எனக்குப் பச்சைதான்.
மண் இடிக்கிற வேலை,
நிழல்; வாசல் காற்று.

உலையோரம் ஓதியப்பன்.
உருகிய இரும்பை லேடிலில் ஏந்தி
பம்புக் கூட்டுக்குள் ஊற்றுகிறவன்.
சட்டையைப் பிழிந்தால்
எங்கள் பம்பே தோற்றுப்போகும்.
அவனுக்குச் சீட்டு விழவில்லை.

பட்டையைக் கழற்றி அவன் கையில் கட்டியது
யார் ரோசனை என்று கேட்காதீர்கள்.
அப்புறமேல்ட்டு தினம் நாலு சிவப்பு.
"மருதாசலம், போய் உட்காரு"
என்று ஒலிபெருக்கி கத்தும்.
இரண்டு பேரும் போவோம்.
பெயருக்கு நான் உட்காருவேன்,
மோரை அவன் குடிப்பான்.
சூப்பர்வைசர் ஒருநாள் தோளில் தட்டி
"நல்லா உழைக்கிற போ" என்றார்.
கூசியது. சும்மா இருந்தேன்.

வியாழக்கிழமை போன் வந்தது. அதே பொண்ணு.
"மருதாசலம் அண்ணா, பயப்பட வேண்டாங்க.
பட்டையை மட்டும் நம்ப முடியாது,
ஆனா சர்க்கரை கொஞ்சம் சந்தேகமா இருக்கு.
வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுக்கோணும்.
தாகம் நிறைய எடுக்குதுங்களா?"

திரும்பிப் பார்த்தேன்.
ஓதியப்பன் சொம்பை விட்டுவிட்டு
குடத்தையே தூக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.
"எடுக்குதுங்க."
"காலு மரத்துப் போகுதா?"
போன மாசம் செருப்பு கழன்றது தெரியாமல்
சுடுமணலில் பத்தடி நடந்தான்;
நாங்கள் சிரித்தோம்.
"போகுதுங்க."
"ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?"
"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

வாய் தவறிவிட்டது.
அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
பின்னால் எங்கோ பஸ் ஹாரன் மட்டும்.
பிறகு அவள் சொன்னாள்,
"கேளுங்க. கேட்டுட்டு
ரெண்டு பேருமா வாங்க."

லேடில் நிறைந்துவிட்டது.
ஊற்றுகிறவனைக் கூப்பிடக் கூடாது, அது இங்கே சட்டம்.
இருபத்தாறு அச்சு இருக்கிறது.
போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நிற்கிறேன்.
இன்னும் பத்தொன்பது.
உள்ளங்கை நனைந்திருக்கிறது.
இது என்னுடையது.